கால் இஞ்சு, சிவப்புத் துணி, ஒரு தபால் கவர்: தூரத்துத் தோழிகளோடு சேர்ந்து போர்வை தைக்க

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் தையல் மெஷின் சத்தம் கேட்காத தெரு குறைவு. ஆனால் தக்கலையிலோ கருங்கலிலோ குலசேகரத்திலோ ஒட்டுத்துணிப் போர்வை, அதாவது க்வில்ட், தைக்கிற ஒருவருக்கு அதே ஊரில் இன்னொரு கூட்டாளி கிடைப்பது அபூர்வம். கூட்டாளி கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் யாழ்ப்பாணத்திலும் மஸ்கட்டிலும்தான் கிடைக்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் கட்டம், அதாவது துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரம், தைத்துத் தபாலில் மாற்றிக்கொண்டு, வந்ததை அவரவர் போர்வையாகச் சேர்ப்பார்கள். முகம் பார்க்காமல், துணியைப் பார்த்தே வளர்கிற நட்பு அது.

இந்த நட்பு பாசம் குறைந்து முறிவதில்லை. கட்டம் ரெண்டு நூல் (கால் இஞ்சு) குறைந்து வந்ததில், சிவப்புத் துணி சாயம் விட்டதில், பார்சல் கிடைத்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதில்தான் முறிகிறது. மூன்றையும் முன்கூட்டியே தடுக்கலாம். அதனால் இந்தப் பதிவு முழுக்க அளவு, துணி, தபால். பாசத்தை அவரவர் பார்த்துக்கொள்வார்கள்.

தையல் இங்கிருந்து தூர தேசம் போவது புதிதும் இல்லை. 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நம்ம பெண்கள் பின்னிய லேஸ் கப்பலேறி இங்கிலாந்தில் விற்றது. அந்தக் காசைக் கொடுத்து அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு.

எதை மாற்றிக்கொள்வது

முதல் தடவை பழகுகிறவர்கள் தைத்த கட்டத்தை அனுப்ப வேண்டாம், வெட்டிய துணியை அனுப்புங்கள். 5 இஞ்சுச் சதுரம் 20. பாப்ளின் கனத்தில் ஒரு சதுரம் 2 கிராம்கூட வராது, 20 சேர்ந்தாலும் 40 கிராமுக்குள். அந்த இருபதைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் இருப்பவரின் கை தெரிந்துவிடும். சதுரம் நேர் நூலில் வெட்டியிருக்கிறதா, ஓரம் பிசிறியிருக்கிறதா, துவைத்த துணியா, புதுத் துணியா, எல்லாம். இது ஒத்துப்போனால் அடுத்த சுற்றில் தைத்த கட்டத்துக்குப் போகலாம்.

ஒரே துணியைச் சுற்றில் விட்டு, ஒவ்வொருவரும் ஒரு வரிசை கூட்டித் தைத்து அடுத்தவருக்கு அனுப்புகிற முறையும் உண்டு. பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் நடுவில் ஒரு பார்சல் தொலைந்தால் நாலு பேர் உழைப்பு சேர்ந்து தொலையும். ஒருவர் வீட்டில் கல்யாணமோ ஆஸ்பத்திரியோ வந்தால் மொத்தச் சுற்றும் அங்கேயே நின்றுவிடும். ரெண்டு வருஷமாவது பழகாதவர்களோடு இதைத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நான் சொல்வது ஆறு பேர் கணக்கு. ஒவ்வொருவரும் ஒரே மாதிரி 12 கட்டம் தைக்க வேண்டும். தனக்கு ரெண்டு, மற்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கு ரெண்டு. கடைசியில் எல்லார் கையிலும் 12 கட்டம் இருக்கும், ஆறு கைத் தையலும் அதில் இருக்கும். மூன்று மாதக் கெடு போதும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அவசரம், மழை வேறு. அக்டோபர் நவம்பரிலும் மழை. அது முடிந்ததும் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தைக்கிற நெருக்கடி. ஜனவரி நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடிப்பதுதான் நம்ம பக்கத்துக்குத் தோதான காலம். தையல்கடைகளில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகச் சேர்ந்து கிடப்பதும் அப்போதுதான்.

கால் இஞ்சு

ஆசாரி கணக்கில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். க்வில்ட்டில் தையலுக்கு விடுவது ரெண்டு நூல், அதாவது கால் இஞ்சு. பிளவுஸ் தைத்துப் பழகிய கைக்கு இது ரொம்பக் குறைவாகத் தோன்றும். பிளவுஸில் பின்னால் பிரித்துவிட துணி விடுவோம், இங்கே அந்த வழக்கத்தை மறக்க வேண்டும்.

அரை நூல் தப்பினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். ஒரு வரிசையில் மூன்று துண்டு என்றால் ரெண்டு தையல். ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கத் துணியையும் தின்னும். அரை நூல் கூடுதலாகப் பிடித்தால் ஒரு தையலுக்கு ஒரு நூல் போச்சு, ரெண்டு தையலுக்கு ரெண்டு நூல். பன்னிரண்டரை இஞ்சு வரவேண்டிய கட்டம் பன்னிரண்டே கால்தான் வரும். ஆறு பேரும் ஆறு விதமாகத் தப்பினால் அந்த 12 கட்டத்தையும் சேர்த்துத் தைக்கிறவர் அழ வேண்டியதுதான்.

தொடங்கும் முன் எல்லாரும் ஒரு சோதனைத் துண்டு தைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றரை இஞ்சு அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள மூன்று பட்டி வெட்டுங்கள். நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, அயர்ன் பண்ணி, நடுப் பட்டியை அளங்கள். சரியாக ஒரு இஞ்சு இருக்க வேண்டும், மொத்த அகலம் மூன்றரை. நடுப் பட்டி குறைந்தால் தையல் உள்ளே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கூடினால் தையல் ஓரத்துக்குப் போயிருக்கிறது. ஸ்கேலை வைத்து சரியாகக் கால் இஞ்சு பிடித்தாலும் நடுப் பட்டி ஒரு மயிரிழை குறையும், ஏனென்றால் துணி மடியும் மடிப்பும் கொஞ்சம் தின்னும். ஆகவே ரெண்டு நூலுக்கு ஒரு மயிரிழை குறைவாகப் பிடிப்பதே சரி.

காலால் மிதிக்கிற மெஷினில் பாதத்தின் ஓரம் ஊசியிலிருந்து கால் இஞ்சில் இருக்கும் என்று நம்பாதீர்கள். கோடு போட்ட நோட்டுத் தாளில் ஓரத்திலிருந்து கால் இஞ்சில் ஒரு கோடு இழுங்கள். நூல் கோர்க்காமல் ஊசியை அந்தக் கோட்டில் இறக்குங்கள். தாளின் ஓரம் எங்கே வருகிறதோ அங்கே மெஷின் தட்டின் மேல், துணியை நகர்த்துகிற பல்லை மறைக்காமல், பழைய ஏடிஎம் கார்டை நேராக வைத்து டேப் ஒட்டுங்கள். துணியின் ஓரம் அந்தக் கார்டில் உரசிக்கொண்டே போக வேண்டும். தையல் நீளம் இஞ்சுக்கு 10 முதல் 12 வரை, ஊசி 11 அல்லது 14. 16ஆம் நம்பர் ஊசி பாப்ளினில் ஓட்டை விட்டுவிடும்.

அளவில் இன்னொரு பொறி டேப்பில் இருக்கிறது. துணி டேப் நாளாக நாளாக நீளும். ஆறு வீட்டில் ஆறு டேப். அதனால் தொடங்குகிறவர் பன்னிரண்டரை இஞ்சு அட்டைச் சதுரம் ஒன்றை ஸ்டீல் ஸ்கேலில் அளந்து வெட்டி, அதே அளவில் மற்ற ஐந்து பேருக்கும் அனுப்பிவிடுவது நல்லது. காலண்டர் அட்டை போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பேட்டர்னைக் கடையில் பிரிண்ட் எடுத்தால், தாளுக்குள் அடங்கட்டும் என்று அவர்கள் சுருக்கிவிடுவார்கள். பேட்டர்னின் மூலையில் சரியாக ஒரு இஞ்சுக் கோடு ஒன்று வரைந்து வைத்திருந்தால், பிரிண்டில் அதை அளந்தே கண்டுபிடித்துவிடலாம்.

கட்டம்

பொதுவாக எல்லாரும் தைக்கிற கட்டமாக நட்பு நட்சத்திரத்தைச் சொல்வேன். ஒன்பது சதுரம், நடுவில் ஒரு அடர் நிறச் சதுரம், நாலு பக்கமும் காற்றாடி இறக்கை போல நாலு முக்கோணம். 12 இஞ்சுக் கட்டத்துக்கு அடர் நிறத்தில் நாலரை இஞ்சுச் சதுரம் 1, ஐந்து இஞ்சுச் சதுரம் 2. வெளிர் நிறத்தில் நாலரை இஞ்சுச் சதுரம் 4, ஐந்து இஞ்சுச் சதுரம் 2. ஒருவர் 12 கட்டம் தைக்க, 42 இஞ்சு அகலத் துணியில் அடர் நிறம் முக்கால் மீட்டர், வெளிர் நிறம் ஒன்றே கால் மீட்டர் வாங்குங்கள். அகலம் 36 என்றால் ரெண்டிலும் கால் மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

முக்கோணத்தை முக்கோணமாக வெட்டித் தைக்கவே கூடாது. கிராஸ் ஓரம் இழுபட்டு அலை அலையாகிவிடும். வெளிர், அடர் ஐந்து இஞ்சுச் சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து வையுங்கள். வெளிர் துணியின் பின்புறம் மூலைக்கு மூலை ஒரு கோடு போடுங்கள். கோட்டின் இருபக்கமும் ரெண்டு நூல் தள்ளி ஒவ்வொரு தையல் போட்டு, கோட்டில் வெட்டினால் ரெண்டு சதுரம் கிடைக்கும். ஒவ்வொன்றும் பாதி வெளிர், பாதி அடர். கணக்குப்படி வெட்ட வேண்டியது நாலு இஞ்சு ஏழு நூல் மட்டுமே. நான் ஐந்தாக வெட்டச் சொல்வது, தைத்த பிறகு நாலரைக்குச் சீவி எடுக்க இடம் இருக்கட்டும் என்பதற்காக. சீவும்போது தையல் கோடு சரியாக மூலையிலிருந்து மூலைக்கு ஓட வேண்டும். இந்த ஒரு வேலையில் சோம்பல்பட்டால் நட்சத்திரம் கோணிவிடும்.

அயர்ன் பெட்டியைத் துணிமேல் இழுக்காதீர்கள், தூக்கித் தூக்கி வையுங்கள். முதல் வரிசையிலும் மூன்றாம் வரிசையிலும் தையலை வெளிப்பக்கம் சாய்த்து அழுத்துங்கள், நடு வரிசையில் உள்பக்கம். அப்போதுதான் வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்பும் மடிப்பும் ஒன்றோடொன்று பூட்டு மாதிரி உட்காரும். தைப்பதற்கு முன் ஒன்பது துண்டையும் தரையில் பரப்பி போனில் ஒரு படம் எடுங்கள். இறக்கை ஒன்று எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் நேரில் கண்ணுக்குத் தப்பிவிடும், படத்தில் உடனே தெரியும்.

நட்சத்திர முனை கட்டத்தின் வெளி ஓரத்தில் வந்து முடிகிறது. முனைக்கு வெளியே ரெண்டு நூல் துணி இருந்தே ஆக வேண்டும். கட்டம் பெரிதாக வந்துவிட்டது என்று ஓரத்தைச் சீவினால், சேர்க்கும்போது முனை மொட்டையாகிவிடும்.

துணியும் சாயமும்

பருத்தி மட்டும். தையல்கடை வெட்டுத்துணியில் பருத்தி எது, கலப்பு எது என்று தெரியவில்லை என்றால் ரெண்டு நூலை உருவி இடுக்கியில் பிடித்துத் தீ காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, கடினமான கறுப்பு மணியாக நிற்கும். கலப்புத் துணி சூடான அயர்னில் சுருங்கும், பருத்தி சுருங்காது, கட்டம் இழுத்துக்கொள்ளும்.

நம்ம ஊர்க் கைலி க்வில்ட்டுக்கு அருமையான துணி. நூலிலேயே சாயம் ஏற்றி நெய்தது என்பதால் ரெண்டு பக்கமும் ஒரே நிறம். ஆனால் கட்டம் போட்ட துணியை ஸ்கேல் வைத்து வெட்டாதீர்கள். நெய்த கோட்டைப் பார்த்து வெட்டுங்கள், இல்லையென்றால் கோணல் பத்தடி தூரத்திலேயே தெரியும். வெளிர் துணிக்கு எல்லாரும் ஒரே பெயர் சொல்லும் துணியை எடுக்க வேண்டும். ஒருவர் பால் வெள்ளை, ஒருவர் வெளுக்காத கோரா, ஒருவர் நீலம் போட்ட வெள்ளை என்று எடுத்தால் சேர்க்கும்போது அழுக்கு மாதிரி தெரியும். ஒரு சின்னத் துண்டைத் தாளில் ஒட்டி எல்லாருக்கும் அனுப்புங்கள். போன் படத்தில் வெள்ளை வெள்ளையாக இருக்காது.

எல்லாத் துணியும் வெட்டும் முன் துவைத்தே ஆக வேண்டும். பருத்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கும், கோரா இன்னும் கூடுதல். ஒருவர் துவைத்த துணியிலும் இன்னொருவர் துவைக்காத துணியிலும் தைத்தால், முதல் சலவையில் போர்வை சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும்.

சாயம்தான் பெரிய வில்லன், முக்கியமாக அடர் சிவப்பும் மெரூனும் கருநீலமும். சோதிக்க, வெள்ளை வேட்டித் துண்டை நனைத்துச் சிவப்புத் துணியின் மேல் வைத்து, சூடான அயர்ன் பெட்டியால் பத்து எண்ணும் வரை அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால் இன்னும் அலச வேண்டும். தண்ணீர் தெளிவாக வரும் வரை சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கடையில் வாங்கும் துணியில் ஒட்டாமல் நிற்கிற உபரிச் சாயத்தை அது பிடித்து நிறுத்தாது, அலசி வெளியேற்றுவதுதான் வழி. ஐந்து அலசலுக்குப் பிறகும் விட்டுக்கொண்டே இருந்தால் அந்தத் துணியை அடுத்தவர் போர்வைக்கு அனுப்பாதீர்கள்.

முடிந்த போர்வையில் சாயம் ஏறிவிட்டால், முதலில் காய விடாதீர்கள். அயர்ன் பெட்டி கிட்டவே வரக்கூடாது. பெரிய தொட்டியில், கை பொறுக்காத அளவு சுடுதண்ணீரில் லிக்விட் சோப்பு ஊற்றி, போர்வை தாராளமாக மிதக்கிற அளவு தண்ணீரில் 12 மணி நேரம் முழுக்கி வையுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் மாற்றி மறுபடியும் வையுங்கள். தண்ணீர் நிறைய இருந்தால்தான் வெளியேறிய சாயம் திரும்பத் துணியில் ஏறாது. ஒரு வாளித் தண்ணீரில் திணித்து வைத்தால் பயனில்லை.

கோடு போடுகிற பேனாவில் தூரத்து நட்புக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது. அயர்ன் சூட்டில் மறையும் பேனா உண்மையில் அழிவதில்லை, நிறம் மட்டும் மறைகிறது. கடுங்குளிரில், மைனஸ் 10 டிகிரி வாக்கில், கோடு திரும்ப வரும். நாகர்கோவிலில் அது ஒருக்காலும் தெரியாது. கனடாவில் இருக்கிற தோழியின் வீட்டில் ஜனவரி மாதம் தெரிந்துவிடும். தண்ணீரில் போகும் நீலப் பேனா வேறு வகை. அதன்மேல் அயர்ன் பட்டால் கறை நிலைத்துவிடும், முதலில் நனைத்துப் போக்கிவிட்டுத்தான் அயர்ன். வெளிர் துணிக்குச் சாதாரண ஹெச்பி பென்சிலின் மெல்லிய கோடு, அடர் துணிக்கு வெள்ளைச் சோப்புத் துணுக்கு. இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

கையெழுத்து

1840களில் அமெரிக்காவில் கட்டத்தில் கையெழுத்துப் போடும் வழக்கம் வெகுவாகப் பரவியது. ஊரை விட்டுப் போகிற தோழிக்கு ஆளுக்கொரு கட்டம் தைத்து, அதில் பெயரெழுதிக் கொடுப்பார்கள். துணியை அரிக்காத அழியா மை கிடைக்க ஆரம்பித்ததும் அதற்கு ஒரு காரணம்.

நட்பு நட்சத்திரத்தில் பெயர் போட மூலையில் உள்ள வெளிர் சதுரம் சரியான இடம். பேனாவைவிட ஊசியில் எழுதுவதைத்தான் விரும்புவேன். எழுத்து முக்கால் இஞ்சு உயரம், எம்பிராய்டரி நூலில் ஆறு இழையில் ரெண்டு இழை, காம்புத் தையல். நம்ம எழுத்தில் நேர்க்கோட்டைவிட வளைவு அதிகம். 'ழ'வை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போகும் கோட்டில் தையல் ஒரு அரிசி நீளம் இருக்கலாம், கீழே சுழிக்கிற இடத்தில் அதில் பாதியாகக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் சுழி முக்கோணமாகிவிடும். வளைவின் வெளிப்பக்கமே நூல் எப்போதும் விழ வேண்டும். 'ண', 'ணை' வந்தால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் எழுத்தையே கொஞ்சம் அகலமாக வரைந்துகொள்ளுங்கள். பின்புறம் ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு நூலைத் தாவ விடாதீர்கள், வெளிர் துணியில் முன்னால் நிழலாகத் தெரியும். பெயரோடு ஊரும் வருடமும் போடுங்கள். வீட்டு முகவரி வேண்டாம்.

தபாலும் மழையும்

ஆறு பேரும் ஒருவருக்கொருவர் நேரடியாக அனுப்பினால் 30 கவர். ஒருவர் எல்லாவற்றையும் வாங்கிப் பிரித்து அனுப்பினால் 5 கவர் வரும், 5 போகும். முதல் சுற்றுக்கு ரெண்டாவது முறைதான் நல்லது. செலவு மட்டுமல்ல, அளவு தப்பிய கட்டம் மற்றவர் கைக்குப் போகும் முன் பிடிபடும். தபால் நிலையம் நடக்கிற தூரத்தில் இருப்பவர் பொறுப்பெடுக்கட்டும். பாப்ளின் கட்டம் ஒன்று ஏறத்தாழ 15 கிராம், பத்துக் கட்டம் கவரோடு சேர்த்து 200 கிராமுக்குள் அடங்கும். ஒவ்வொருவர் ஜோடியையும் தனித்தனிப் பேப்பர் கவரில் போட்டு, யாருக்கு என்று எழுதி, நாலு வரி கடிதத்தையும் உள்ளே வையுங்கள்.

2025 செப்டம்பர் 1 முதல் ரிஜிஸ்டர் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் உள்ளே துணி என்று சொல்லி அனுப்புங்கள். ரசீதில் உள்ள 13 எழுத்து எண்ணை அன்றே படம் எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்பிவிடுங்கள். நம்ம பக்கக் கிராம முகவரியில் கதவு எண்ணைவிட வீட்டுப் பெயரும் அஞ்சல் நிலையப் பெயரும்தான் தபால்காரருக்குப் பிடிபடும். அவற்றோடு 629 என்று தொடங்கும் பின்கோடும் போன் நம்பரும். கவருக்குள்ளும் ஒரு சீட்டில் அதே முகவரியை எழுதி வையுங்கள், வெளியே மை நனைந்து அழிந்தாலும் உள்ளே இருக்கும்.

வெளிநாட்டுக்கு என்றால் சிஎன் 22 என்ற சுங்கப் படிவத்தில், பருத்தித் துணி, வீட்டில் தைத்தது, பரிசு என்று தெளிவாக எழுதுங்கள். மதிப்பும் உண்மையாக எழுதுங்கள். அமெரிக்கா 800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு இருந்த வரி விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டது. அந்த நாட்டுத் தோழிக்கு அனுப்பும் முன் கவுண்டரில் விசாரித்துவிடுங்கள். வளைகுடாவில் பல இடங்களில் தபால் பெட்டி எண் இல்லாமல் எதுவும் போய்ச் சேராது. லீவு முடிந்து திரும்புகிறவர் பெட்டியில் 200 கிராம் வைத்துவிடுவதுதான் நம்ம ஊரில் எல்லாரும் செய்வது, அதுவே நல்லது.

மழைக்காலத்தில் பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் துணி தொட்டாலே ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டினால் பத்து நாளில் கரும்புள்ளிப் பூசணம். கட்டத்தை அயர்ன் பண்ணி, சூடு முழுக்க ஆறிய பிறகு பேப்பரில் சுற்றி, அதற்கு வெளியேதான் பிளாஸ்டிக். குளச்சல், முட்டம் போலக் கடலோர ஊர்களில் குண்டூசி ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். அனுப்புகிற துணியில் ஒரு ஊசிகூடக் குத்தி விடாதீர்கள், தபாலில் போகும்போது துருக்கறை ஏறிவிடும். ஏறினால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசினால் போகும், வண்ணத் துணியில் முதலில் ஓரத்தில் சோதியுங்கள். நாப்தலின் உருண்டை வேண்டாம், வாசனை வருஷக்கணக்கில் நிற்கும். கஞ்சி போட்ட துணியை நாளாக வைத்தால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அரிக்கும்.

கிடைத்தது என்று சொல்வது

கவர் கைக்கு வந்த அன்றே சொல்லிவிட வேண்டும். 'சூப்பர்', கைகூப்பும் பொம்மை, இதெல்லாம் பதில் ஆகாது. மூன்று மாதம் உட்கார்ந்து தைத்தவருக்குத் தன் தையலைப் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டும். இப்படி ஒன்று போதும்: "எக்கா, கட்டம் ரெண்டும் கிட்டிச்சு. பச்சைக் கைலிய நடுவில வச்சதுல கோடு நாலு பக்கமும் ஒரே மாதிரி விழுந்திருக்கு, எப்படி வெட்டுனிய?" வயது தெரியாத வரை அக்கா என்று தொடங்குவதே நம்ம வழக்கம். மக்களே, பிள்ளே எல்லாம் அவர்களாகக் கூப்பிட்ட பிறகு வரட்டும்.

குறை இருந்தால் குழுவில் போடாதீர்கள், தனியாகச் சொல்லுங்கள், அளவில் சொல்லுங்கள். 'கோணலா இருக்கு' என்பது மனசில் தைக்கும். 'ஒரு பக்கம் ரெண்டு நூல் குறையுது, மெஷின் கார்டு நகர்ந்திருக்குமோ?' என்றால் அவர் மெஷினைப் போய்ப் பார்ப்பார். கட்டத்தைத் திருப்பி மட்டும் அனுப்பாதீர்கள். குறைந்து வந்த கட்டத்தைச் சுற்றி ஒன்றரை இஞ்சுப் பட்டி ஒன்று வைத்துத் தைத்து, பிறகு பன்னிரண்டரைக்குச் சீவி எடுத்தால் சரியாகிவிடும். அந்தப் பட்டியை, கட்டங்களுக்கு நடுவே வைக்கிற இடைப்பட்டியின் அதே துணியில் வைத்தால் யாருக்கும் தெரியாது.

சேர்ப்பது

அகலத்துக்கு மூன்று கட்டம், நீளத்துக்கு நாலு. இடைப்பட்டியைச் சுற்றிலும் நடுவிலும் ரெண்டரை இஞ்சு வெட்டினால், தைத்தபின் ரெண்டு இஞ்சு நிற்கும். போர்வை 44க்கு 58 இஞ்சு வரும். 42 அகலத் துணியில் ஒன்றரை மீட்டர் வாங்கினால் இடைப்பட்டிக்கும் ஓர பைண்டிங்குக்கும் சேர்த்துப் போதும். நீளப் பட்டிகளைத் துணியின் நீளவாக்கில், பாவு நூலோடு வெட்டுங்கள், இழுபடாது. பட்டியை 44 அரை இஞ்சுக்கு வெட்டி வைத்துவிட்டு, கட்டங்களின் வரிசையை அதற்குள் அடக்கித் தையுங்கள். வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குப் பட்டியை இழுத்துத் தைத்துவிட்டு மிச்சத்தை வெட்டினால் போர்வையின் ஓரம் அலையும்.

அடித்துணிக்கு வடசேரி நாலு முழ ஒற்றை வேட்டி அளவெடுத்த மாதிரி பொருந்தும். நீளம் 72 இஞ்சு, அகலம் ஏறத்தாழ 50. நமக்குத் தேவை 48க்கு 62. துவைத்த பிறகு அகலத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள். நடுவே வைக்க பழைய பருத்திச் சேலை. ஐந்தரை மீட்டர்ச் சேலையை 62 இஞ்சாக வெட்டினால் மூன்று அடுக்கு கிடைக்கும். நம்ம ஊர் வெக்கைக்கு ரெண்டு அடுக்கு போதும், குன்னூர்த் தோழிக்கு மூன்றும். இலவம்பஞ்சு மட்டும் வைக்காதீர்கள், அது நகர்ந்து நகர்ந்து மூலையில் உருண்டு கூடிவிடும்.

வேட்டி, அதன்மேல் சேலை, அதன்மேல் சேர்த்த கட்டங்கள் என்று மூன்றையும் தரையில் பரப்பி, நடுவிலிருந்து வெளியே நோக்கி ஒரு கையகலத்துக்கு ஒரு வரிசை பெரிய தையல் ஓட்டுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் பை விழும். அதன்பிறகு மூன்று இழை எம்பிராய்டரி நூலில், இஞ்சுக்கு நாலு தையல் கணக்கில், நட்சத்திரத்தைச் சுற்றி ரெண்டு நூல் வெளியே தள்ளி ஓட்டுங்கள். வங்காளத்துக் காந்தாப் போர்வையும், கர்நாடகத்து உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி இனப் பெண்கள் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தைத்துக்கொண்டு வரும் கவந்திப் போர்வையும் இதே ஓட்டுத் தையலில் நிற்பவைதான். பைண்டிங் 216 இஞ்சு நீளம் வேண்டும். பட்டிகளை நேராகச் சேர்க்காமல் கிராஸாகச் சேர்த்தால் மடிப்பு ஒரே இடத்தில் தடிக்காது.

கட்டத்தின் மூலையில் எழுதிய பெயர்கள் மேல் தையல் ஓட விடாமல் அந்தச் சதுரத்தை மட்டும் வெறுமனே விடுங்கள். போர்வையின் பின்புறம், கீழ் மூலையில், 4 இஞ்சு வெள்ளைத் துணியில் ஆறு ஊர்ப் பெயரையும் தைத்த வருடத்தையும் எழுதிப் பைண்டிங்கோடு சேர்த்துப் பிடித்துவிடுங்கள்.